இரண்டாவது கடிதம் செல்லுமா?

2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம் புதிய பட்டதாரிகள் பலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஏற்கெனவே ஆஃபர் லெட்டர் வாங்கியிருந்தவர்கள் அவர்கள். பயிற்சியையும் முடித்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த மின்னஞ்சலில் ஜாயினிங் டேட் இல்லை. 3.5 லட்சத்துக்கு ஒரு பணி இருக்கிறது, சம்மதமா என்ற கேள்வி இருந்தது. சம்மதித்தால் பழைய கடிதம் ரத்து. புனேயில் இயங்கும் நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு இதை அநியாயம் என்றது. மாறிவிட்ட சந்தை நிலவரத்தை நிறுவனம் காரணம் சொன்னது. பெரும்பாலோர் குறைந்த சம்பளத்துக்கே சரி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படி எழுதிக் கொடுத்தது செல்லுமா என்பதுதான் கேள்வி. கேள்வி பெங்களூருக்கோ புனேக்கோ மட்டும் உரியதல்ல. காரியாபட்டிக்குப் பக்கத்திலும் விருதுநகரைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அருப்புக்கோட்டையில் கலைக் கல்லூரிகள் உண்டு. திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி ஊர்களிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேராவது வீட்டின் முதல் பட்டதாரியாக இருப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையென்றால் பருத்தி, மல்லி, பயறு. அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது. இந்த வீடுகளில் முதல் கடிதம் வந்ததுமே காரியங்கள் நடக்கத் தொடங்கிவிடும். கல்விக் கடன் வாங்கிய வங்கியில் தைரியமாகப் பேசுவார்கள். சீட்டில் சேர்வார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். இரண்டாவது கடிதம் வரும்போது இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். அந்த நிலையில் கேட்கப்படும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதைச் சட்டம் அநேகமாகக் கேட்பதே இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இதைச் சுற்றித்தான்.

முதலில் சட்டம் கேட்பதைப் பார்த்துவிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ஆஃபர் லெட்டர் என்பது அதன் கணக்கில் ஒரு முன்மொழிவு. மறுபக்கம் நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தமாகிறது. ஏற்பு அனுப்பப்படும்வரை முன்மொழிந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், மாற்றலாம். 5ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆகவே நீங்கள் பதில் எழுதுவதற்கு முன்பே வந்துவிட்ட திருத்தம் செல்லும். அதில் பேச்சுக்கு இடமில்லை. பதில் அனுப்பிய பிறகு வந்த திருத்தம் வேறு வகை. அங்கே ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் நிற்கிறது. அதை மாற்ற 62ஆம் பிரிவின்படி இருவரும் ஒப்ப வேண்டும். ஒரு தரப்பு மட்டும் எழுதி அனுப்பும் 'திருத்திய கடிதம்' மாற்றம் ஆகாது, புதிய முன்மொழிவு மட்டுமே. நீங்கள் பேசாமல் இருந்தால் அது ஏற்பு ஆகாது. பழைய கடிதமே நிற்கும்.

மின்னஞ்சலில்தானே வந்தது, கையெழுத்து இல்லையே என்று சிலர் தயங்குவதுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு மின்வழி ஒப்பந்தங்களுக்குச் செல்லுபடியைத் தந்துவிட்டது. வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட முடியும் என்றும், முறையான பத்திரம் பின்னால் வரவிருந்தது என்பதற்காக அது இல்லாமல் போகாது என்றும் சொன்னது. ஆகவே 'ஏற்கிறேன்' என்ற ஒற்றை வரி பதிலுக்கும் எடை உண்டு.

இதுவரை எல்லாம் வேலை தேடுகிறவர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் முதல் கடிதத்தை நிதானமாக இன்னொரு முறை படித்தால் நிலைமை மாறும். 'பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது', 'வணிகத் தேவைக்கு உட்பட்டது', 'நிபந்தனைகளை மாற்றவோ கடிதத்தைத் திரும்பப் பெறவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு' என்ற வரிகள் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு, எல்லாப் பாடமும் தேறியிருப்பது போன்ற நிபந்தனைகளில் குறை சொல்ல முடியாது. எதை வேண்டுமானாலும் மாற்றுவோம் என்ற வரிதான் தொல்லை. 1986இல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழக வழக்கில், பேரம் பேசும் வலு சமமாக இல்லாத இடத்தில் திணிக்கப்பட்ட நியாயமற்ற ஷரத்து பொதுக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்க நன்றாக இருக்கும் தீர்ப்பு. ஆனால் அது அரசுக் கழகத்தின் வழக்கு. தனியார் நிறுவனத்துக்கு எதிராக அதே தர்க்கத்தைக் கொண்டுபோய் வெல்வது எளிதல்ல.

சம்பளத்தை மட்டும் வைத்துத் திருத்தத்தைப் பார்ப்பதும் தவறு. தேதி, ஊர், பதவி, பாண்டு எல்லாம் திருத்தப்படுகின்றன. இன்ஃபோசிஸில் 2022இல் ஆஃபர் வாங்கிய ஒரு பகுதியினர் 2024 அக்டோபரில்தான் சேர முடிந்தது. அவர்களது கடிதம் ரத்தாகவில்லை, சம்பளமும் குறையவில்லை. இரண்டு வருடம் போனது, அவ்வளவே. அதே நிறுவனத்தில் 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று மைசூர் வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். பாண்டு விஷயத்தில் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குறித்த காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. விளம்பரத்திலும் நியமனக் கடிதத்திலும் அந்த நிபந்தனை தொடக்கத்திலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் கடிதத்தில் இல்லாத பாண்டு இரண்டாவது கடிதத்தில் முளைத்தால், அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த முடியாது.

சரி, பழைய ஒப்பந்தம் நிற்கிறது, நிறுவனம் அதை மீறிவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? வேலை கிடைக்காது. தனிமனித உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்று என்று நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை. 1963ஆம் ஆண்டின் தனிக்குறித் தீர்வுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. இழப்பீடு கேட்கலாம். எவ்வளவு? பாரத் நிதி வழக்கில் 1950களிலேயே உச்ச நீதிமன்றம் அளவுகோலைக் காட்டிவிட்டது: நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், சாதாரணமாக அந்த நோட்டீஸ் காலத்துச் சம்பளம்தான் இழப்பீடு. 6.5 லட்சத்தை 12ஆல் வகுத்தால் மாதம் 54,000 ரூபாய் சொச்சம். நோட்டீஸ் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால், அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ வழக்குப் போட்டு, வருடக்கணக்கில் வாய்தா வாங்கி, கடைசியில் கைக்கு வரக்கூடிய தொகை வக்கீல் ஃபீஸுக்கே சரியாகப் போகும். இந்தக் கணக்கு நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். பையன்களுக்கும் பெண்களுக்கும் தெரியாது, அல்லது மனசுக்குள் தெரியும். அதனால்தான் பெரும்பாலோர் 3.5 லட்சத்துக்குச் சம்மதித்தார்கள் என்று நினைக்கிறேன்.

சம்மதித்துவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது. நிர்ப்பந்தத்தில் சம்மதித்தேன் என்று பின்னால் சொல்ல ஒப்பந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 15ஆம் பிரிவும் 16ஆம் பிரிவும் அதற்குத்தான். ஆனால் 15ஆம் பிரிவு சொல்லும் வற்புறுத்தல் என்பது குற்றச் சட்டம் தடுத்த செயல், அல்லது சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பது. கடன் தவணை நெருங்குகிறது, வீட்டில் வேறு வருமானம் இல்லை என்பது அந்தப் பட்டியலில் வராது.

வேலையில் சேர்ந்துவிட்டவருக்கு நிலைமை சற்று மேல். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ என்றொரு பிரிவு. சம்பளம், படிகள், வேலை நேரம், விடுப்பு போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அது சொன்னது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு தொழில் உறவுகள் தொகுப்புக்குள் இடம்பெயர்ந்தது. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வேலையில் இருப்பவருக்கு. ஆஃபர் வாங்கி, பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இன்னும் சேராமல் நடுவில் நிற்கிறவர் எந்தத் தொழிலாளர் சட்டத்தின் கண்ணிலும் தொழிலாளி ஆகமாட்டார். திருத்திய கடிதங்களில் பல சரியாக இந்த இடைவெளியில்தான் வந்து விழுகின்றன.

அருப்புக்கோட்டை மில்களைச் சொல்லாமல் விட முடியாது. நூற்பாலைகளும் தறிகளும்தான் இந்த ஊரை ஊராக்கின. அங்கே நிரந்தரம், பதிலி, காண்ட்ராக்ட் என்று மூன்று தட்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். காண்ட்ராக்டில் போகிறவருக்குக் கடிதமே இல்லாதபோது திருத்திய கடிதம் ஏது? தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சொன்னார்களே, அதில் பலருக்கு வாக்குறுதி வாய்வார்த்தையோடு நின்றது. இடையில் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பியவர் எந்தக் காகிதத்தைக் காட்டித் தொகையைக் கேட்பார்? ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதைத் தொழிற்சார் பாதுகாப்புத் தொகுப்பு இப்போது கட்டாயமாக்கியிருக்கிறது. தாமதமாக வந்தாலும் நல்ல விதி. மில் வாசலில் அது எப்படி அமலாகிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அரசு வேலை தனிக் கதை. நம் பக்கத்தில் 'ஆர்டர் வந்துருச்சா?' என்று கேட்டால் அது சர்க்கார் உத்தரவைத்தான் குறிக்கும்; அதற்கு அவ்வளவு மரியாதை. ஆனால் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வேலை உரிமையாகிவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1991இல் சொல்லிவிட்டது. காரணமில்லாமல் மனம்போல மறுக்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்கும் முன்பு 1967இல் ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில், அரசுப் பணி ஒப்பந்தத்தில் தொடங்கினாலும் சேர்ந்த பிறகு அது ஓர் அந்தஸ்து, நிபந்தனைகளை அரசு தன் விதிகளால் ஒருதலையாக மாற்றலாம் என்று தீர்ப்பானது. தனியார் முதலாளிக்கு இல்லாத உரிமை அரசுக்கு இருக்கிறது. பதிலுக்கு அரசு ஊழியருக்கும் தனியாரில் இல்லாத சில கேடயங்கள் உண்டு. தவறாகக் கூடுதல் சம்பளம் நிர்ணயித்துவிட்டு, வருடங்கள் கழித்துத் திருத்திய உத்தரவு போட்டுக் கடைநிலை ஊழியரிடம் பிடித்தம் செய்யக்கூடாது என்று 2014 டிசம்பரில் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

இதில் மிகவும் பொருத்தமான உதாரணம் ஓய்வூதியம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. சிலருக்கு விளம்பரம் வந்தபோது ஓய்வூதியம் இருந்தது, தேர்வு எழுதியபோதும் இருந்தது, சேர்ந்த நாளில் இல்லை. எந்தத் தேதி கணக்கு? இருபது வருடம் போல வழக்காடியபின் 2023 மார்ச்சில் மத்திய அரசே இறங்கிவந்தது. 2003 டிசம்பர் 22க்கு முன் அறிவிக்கப்பட்ட பணியிடங்களில் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தைத் தேர்ந்துகொள்ள ஒரு வாய்ப்பு தரப்பட்டது. முதலில் என்ன சொல்லி அழைத்தார்களோ அதற்கு மதிப்புண்டு என்ற கொள்கை அங்கே கடைசியில் வென்றது. அரசிதழும் தேதியும் கையில் இருந்ததால்தான் வென்றது என்றும் சொல்லலாம்.

இனி கடல் கடந்த வேலைக்கு வருவோம். மதுரை விமான நிலையத்தில் சிங்கப்பூர், துபாய் விமானங்களுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சனங்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று தெரியும். ஏஜென்ட் காட்டிய தாளில் ஒரு சம்பளம், அங்கே போய் இறங்கியதும் நீட்டுகிற தாளில் இன்னொரு சம்பளம் என்பது வளைகுடாவில் அரை நூற்றாண்டுப் பழக்கம். நகையை அடகு வைத்து விசாவுக்குக் கட்டியவர், விமானத்தை விட்டு இறங்கிய மறுநாள், அரபியில் எழுதிய இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டுத் திரும்பி வருவாரா? சம்மதம் என்ற சொல் இங்கே முழுசாகக் காலியாகிவிடுகிறது.

இந்த நோய்க்கு ஐக்கிய அரபு அமீரகம் கண்டுபிடித்த மருந்து கவனிக்கத்தக்கது. 2015இல் அறிவித்து 2016 ஜனவரி முதல் அமலான அமைச்சக ஆணைகளின்படி, ஆஃபர் லெட்டரை அரசின் வடிவத்திலேயே தயாரிக்க வேண்டும், தொழிலாளி தன் நாட்டில் இருக்கும்போதே அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும், அது அமைச்சகத்தில் பதிவாக வேண்டும். பிறகு போடும் வேலை ஒப்பந்தம் அதோடு பொருந்த வேண்டும். தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தால்தான் மாற்றம் ஏற்கப்படும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மொழியும் வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. துபாயில் பெயிண்ட் அடிக்கப் போகிறவர் தன் நிபந்தனைகளைத் தமிழில் படிக்கலாம். சென்னை சிறுசேரிக்குப் போகிற அவருடைய மகளுக்குப் பதினான்கு பக்க ஆங்கிலம்.

சிங்கப்பூர் இதையே வேறு வழியில் செய்திருக்கிறது. வேலை அனுமதிக்கு முன் தரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தை அங்குள்ளவர்கள் ஐபிஏ என்பார்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைவிடக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். 2017இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஐபிஏயில் ஒரு தொகையும் தனி ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகையும் இருந்தால், ஐபிஏயில் உள்ளதே உண்மையான சம்பளம் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது என்றது.

இரண்டு நாடுகளும் தொழிலாளியின் சொர்க்கம் ஒன்றுமில்லை. விதி ஏட்டில் இருக்க, ஆளை மிரட்டிக் கையெழுத்து வாங்குவது நின்றுவிடவும் இல்லை. ஆனால் ஒன்றை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். நம் ஊரில் நிலம் வாங்கினால் சார்பதிவாளர் ஆபீசில் பத்திரத்தைப் பதிந்த பிறகு, விற்றவர் வந்து விலையைத் திருத்திய இன்னொரு தாளை நீட்ட முடியாது; நகல் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. முதல் கடிதத்துக்கும் அதேபோல ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதியும் நம்முடைய இமைக்ரேட் தளமும் குடிபெயர்வுப் பாதுகாவலர் அலுவலகமும் பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளிகள் விஷயத்தில் ஓரளவு அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் 2020 செப்டம்பரில் இந்திய அரசே வளைகுடாவுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை இறக்கியது. கொரோனாவில் ஆட்கள் வேலை இழக்காமலிருக்க என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகு, 2021 ஜூலையில் பழைய அளவே திரும்பியது. காவலுக்கு நின்றவரே வேலியைப் பிடுங்கிய பத்து மாதம் அது.

கடிதமே போலி என்றால் செல்லுபடி பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் 2022 ஜூன், ஜூலையில் புதுடெல்லி ரயில் நிலையத்தில் தினமும் எட்டு மணி நேரம், வந்து போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டு நின்றார்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைக்கு அதுதான் பயிற்சி என்று நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து போன பணம் மொத்தம் இரண்டரைக் கோடிக்கு மேல். டெல்லி போலீசில் புகார் கொடுத்தவர் நம் விருதுநகர் மாவட்டத்து முன்னாள் ராணுவ வீரர். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் அறிமுகம் செய்யப்போய் மாட்டிக்கொண்டவர். இந்த மோசடிகளில் தேதி தள்ளிப்போனதாக வரும் 'புதிய ஆர்டர்'தான் முக்கியமான கருவி. அடுத்த தவணைப் பணம் அதைக் காட்டித்தான் வாங்கப்படும். திருத்திய கடிதம் கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை அனுப்பியதாகச் சொல்லப்படும் அலுவலகத்தை, அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு தொலைபேசி எண்ணிலோ நேரிலோ கேட்டு உறுதி செய்வது.

அடுத்து என்ன செய்யலாம்? முதல் கடிதத்துக்கான ஏற்பை எழுத்தில், தேதியோடு அனுப்பி, இரண்டையும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். திருத்திய கடிதம் வந்தால் அதில் 'முந்தைய கடிதங்களை ரத்து செய்கிறது' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். அந்த வரிக்குக் கீழே போடும் கையெழுத்துதான் பழைய உரிமையைக் கொல்கிறது. சேர்வதைத் தவிர வழியில்லை என்றால், முதல் கடிதத்தின் நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கவில்லை, ஆட்சேபத்துடன் சேர்கிறேன் என்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிவிட்டுச் சேரலாம். இல்லாவிட்டால் சேர்ந்ததே ஏற்பாகிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அப்படி. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். விருதுநகர் மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பழைய வேலையை ராஜினாமா செய்வதை மட்டும் முடிந்தவரை தள்ளிப்போடுவது நல்லது, நோட்டீஸ் பீரியட் கெடுபிடி எவ்வளவு இருந்தாலும்.

இதெல்லாம் தனி ஆளின் தற்காப்பு. பேரம் பேசும் வலு கொஞ்சமாவது இருக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது கல்லூரி. ஒரே நாளில் நூறு பிள்ளைகளை நேர்காணலுக்கு உட்கார வைக்கிற ஏற்பாட்டை நிறுவனத்துக்குச் செய்து தருவது கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவுதான். ஒவ்வொரு ஆஃபர் லெட்டரின் நகலும் தங்களிடம் வர வேண்டும், சேரும் தேதிக்கு ஒரு வரம்பு வேண்டும், ஏற்புக்குப் பின் நிபந்தனையைக் குறைத்தால் அதைக் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், குறைத்த நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு வளாகத்தில் இடமில்லை என்ற ஒரு பக்க ஒப்பந்தத்தை அவர்கள் கேட்டு வாங்கலாம். ஆள் எடுக்க எங்கும் போகக்கூடிய பெரிய நிறுவனம் ஒரு சிறிய கல்லூரியின் நிபந்தனையைக் கேட்டுச் சிரிக்கலாம். விருதுநகர், மதுரை மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால், அல்லது வேலைவாய்ப்பு முகாம் மேடைகளில் நியமன ஆணைகளை வழங்க வைக்கிற தமிழ்நாடு அரசே அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தை முகாமுக்கு வரும் நிறுவனங்களிடம் கேட்டால், அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. மேடையில் எத்தனை ஆணை கொடுத்தோம் என்ற கணக்கு அன்று மாலையே வெளியாகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர், எந்தச் சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்ற கணக்கையும் அதே அரசு வெளியிட வேண்டும் என்று கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.